பூப்பாத்தி யாருக்காக?



பல ஆண்டுகளாக ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் காண்கிறேன். பள்ளிக்கு முக்கிய விருந்தினர் வருகிறார் என்றோ, தூய்மைப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள் என்றோ செய்தி வந்துவிட்டால் போதும். மறுநாளே பூச்செடிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு லாரி பள்ளி வாசலில் வந்து நிற்கும். கேமரன் மலையிலிருந்து இறங்கிய சாமந்தி, செண்டுமல்லி, பெட்டூனியா என்று வண்ண வண்ணமாகப் பூத்த செடிகள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங்கில் ஒன்றுகூடி அவற்றைப் பாத்திகளில் அடுக்குவார்கள். படம் எடுப்போம். விருந்தினர் பாராட்டுவார். பிறகு விடுமுறை வரும். விடுமுறை முடிந்து திரும்பி வந்தால் காய்ந்த குச்சிகளும் கறுப்பு நெகிழிப் பைகளுமே எஞ்சியிருக்கும். அடுத்த விருந்தினருக்காக மீண்டும் லாரி வரும்.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு பள்ளியில் ஒரே நாளில் 400 ரிங்கிட்டுக்கு இப்படிச் செடிகள் வாங்கினோம். வாங்கலாம் என்று கூட்டத்தில் முதலில் கைதூக்கியவள் நான்தான். ஆறு வாரங்களுக்குப் பின் வெறிச்சோடிக் கிடந்த பாத்தியருகே நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், பூவை மறுபடியும் எப்போது வாங்குவோம்?"

பூ எப்போது பூக்கும் என்று அவள் கேட்கவில்லை. எப்போது வாங்குவோம் என்று கேட்டாள். பூ என்பது கடையிலிருந்து வரும் பொருள், சில நாள் இருக்கும், பிறகு குப்பைக்குப் போகும் என்பதை நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் செவ்வனே கற்பித்துவிட்டோம். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலாகட்டும், பள்ளியிலாகட்டும், பூப்பாத்தியில் நடவேண்டியவை பல்லாண்டு வாழும், புறக்கணிப்பையும் தாங்கும் செடிகளே. அவையும் இயன்றவரை கடையில் வாங்கியவையாக இல்லாமல், அண்டை வீட்டிலிருந்தும் பாட்டி வீட்டிலிருந்தும் தண்டாக வெட்டிக் கொண்டுவந்தவையாக இருக்கவேண்டும். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதன்று.

தோட்டம் என்னும் சொல்

இந்நாட்டுத் தமிழர்களாகிய நமக்குத் தோட்டம் என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. "நான் தோட்டத்தில் பிறந்தவன்" என்று ஒருவர் சொன்னால் பூந்தோட்டத்தை யாரும் நினைப்பதில்லை. ரப்பர் மரங்களும் செம்பனை மரங்களும் லயத்து வீடுகளும்தான் கண்முன் வரும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரோடு வளர்ந்த இன்றைய பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் பல தலைமுறைகளாக நம்மவர்கள் வாழ்ந்தது அத்தகைய தோட்டங்களில்தான்.

அந்தப் பெரிய தோட்டத்துக்குள்ளே ஒவ்வொரு லயத்து வீட்டின் முன்னும் ஒரு சிறிய தோட்டம் இருந்தது. ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, தகர டின்னில் ஒரு துளசி, குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு கல்வாழை, பின்புறம் ஒரு கறிவேப்பிலை. நிலம் நம்முடையதன்று, வீடும் நம்முடையதன்று. ஆயினும் செடி நம்முடையதாக இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனவர்கள் பாத்திரம் பண்டங்களோடு ஈரத்துணி சுற்றிய நான்கு தண்டுகளையும் எடுத்துச் சென்றார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது இந்தப் பழக்கம் பெரும்பாலும் அறுந்துபோனது. புது வீட்டின் முன்புறம் சிமெண்டு பூசப்பட்டது. செடிகளோடு அவற்றின் பெயர்களும் நம்மிடமிருந்து நழுவிவிட்டன. சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார் என்று தேர்வுக்காகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், பத்துப் பூக்களின் பெயர்களைத் தமிழில் சொல் என்றால் நம் பிள்ளைகளில் பலர் ரோஜா, மல்லிகை, தாமரை என்று மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று. காணாத பூவின் பெயரை நினைவில் வைத்திருக்க யாரால் இயலும்?

அழகுச்செடி தேர்ந்தெடுப்பது சிறிய செயலன்று

"பூச்செடிக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு நம் மாவட்டத்து வரலாறு ஒன்றை நினைவூட்டுகிறேன்.

செம்பனை இந்த மண்ணுக்குரிய மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அது, 1870-களில் மலாயாவுக்குள் அழகு மரமாகவே நுழைந்தது. சுமத்ராவின் டெலி வட்டாரத்திலும் புகையிலைத் தோட்டங்களின் சாலையோரங்களை அழகுபடுத்தவே அதனை நட்டார்கள். அங்கிருந்து பெற்ற விதைகளை ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1911, 1912 ஆண்டுகளில் கோலசிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பஞ்சாங் தோட்டத்தில் நட்டார். பின்னர் 1917-ஆம் ஆண்டு தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டத்திலிருந்து தொடங்கிய பயிர் நாட்டின் முகத்தையே மாற்றியது. நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையையும் மாற்றியது.

மறுபுறம், ஆறுகளையும் ஏரிகளையும் அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதே. சாலையோரங்களில் காடாக மண்டும் உன்னிச்செடியும் அப்படியே. ஆகவே, பாத்தியில் எதை நடுகிறோம் என்பது அந்தப் பாத்தியோடு முடிந்துவிடும் செய்தியன்று. நட்டவர் போன பின்னும் செடி இருக்கும்.

கம்போங் குவாந்தான் கற்பிக்கும் பாடம்

நம் பள்ளிகள் பலவும் பிள்ளைகளைக் கம்போங் குவாந்தானுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கும். இருட்டிய பின் துடுப்பு வலிக்கும் சம்பானில் ஏறிச் சிலாங்கூர் ஆற்றின் கரையோரமாகப் போனால், மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே சீராக ஒளிர்ந்து அணைவதைக் காணலாம். பிள்ளைகள் அப்போதுதான் வாய்மூடி இருப்பார்கள். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் மின்மினியைப் பற்றி எழுதுவார்கள். அது அமர்ந்திருந்த மரத்தைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

அந்த மரத்தின் பெயர் பெரெம்பாங். உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றுக் கரையில் வேர்விட்டு நிற்கும் மரம் அது. எந்தச் செடிக்கடையிலும் அதை விற்கமாட்டார்கள். மின்மினி ஆண்கள் அதன் இலைகளில் அமர்ந்து ஒளியால் பெண் மின்மினிகளை அழைக்கின்றன. அவற்றின் புழுக்களோ மரத்தில் வாழ்வதில்லை; கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. பெரெம்பாங்கின் பூ இரவில் மலர்வது; வௌவால்கள் அதன் தேனை உண்ண வருகின்றன. பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் பல கிலோமீட்டர் பறந்து கடலோரத்துப் பெரெம்பாங் பூக்களை நாடுவதை ஆய்வாளர்கள் 1970-களிலேயே கண்டறிந்தனர். நாம் விரும்பி உண்ணும் டுரியான் காய்ப்பதற்கு மகரந்தம் சுமப்பவையும் அவ்வௌவால்களே.

இதில் நம் பூப்பாத்திக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரு செடியின் மதிப்பை அதன் பூவின் வண்ணத்தைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. அதை நம்பி எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்றும் பார்க்கவேண்டும். இரண்டு, மருந்தும் வெளிச்சமும் சிற்றுயிர்களுக்குப் பகை. பூச்சிமருந்து தெளித்தால்தான் பூக்கும் என்ற செடியை ஆற்றங்கரைக் கம்பத்தில் நட்டால், மழையில் அம்மருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் போகும். பூப்பாத்திக்கு அழகாக இரவு முழுவதும் எரியும் விளக்குகளைப் பொருத்தினால், ஒளியாலேயே துணை தேடும் பூச்சி என்ன செய்யும்? ஆற்றோரம் குடியிருப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். மின்மினியைக் காட்டப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் செல்லும் நாமே, வீட்டில் அதற்கு எதிரான காரியத்தைச் செய்யலாமா?

"தாங்கும் செடி" என்றால் என்ன?

ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களில் உறுதியான செடி என்றால் உறைபனியைத் தாங்கும் செடி என்று பொருள். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. வட சிலாங்கூரில் செடி தாங்கவேண்டியவை வேறு: உச்சி வெயில், ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, அம்மழை வடியாமல் தேங்கும் கடலோரக் களிமண், நடுநடுவே சில வார வறட்சி, இவற்றுக்கெல்லாம் மேலாகப் பள்ளி விடுமுறை. கேமரன் மலையின் குளிரில் வளர்ந்த சாமந்தி இங்கே வாடுவது அதன் குற்றமன்று. கொண்டுவந்த நம் குற்றம்.

ஆகவே, எந்தச் செடியைக் கண்டாலும் நான் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான்கு வாரம் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் இது உயிரோடு இருக்குமா?
2. ஒரு பிள்ளை இதன் தண்டையோ கிழங்கையோ விதையையோ வீட்டுக்குக் கொண்டு சென்று வளர்க்க முடியுமா?
3. பிள்ளைகள் தொட்டாலோ வாயில் வைத்தாலோ தீங்கு வருமா?
4. இது வேறு எந்த உயிருக்கு உணவாகும்?

நான்குக்கும் நல்ல விடை வருமானால் அதுவே முதலில் நடவேண்டிய செடி. ஐந்தாவதாக, இதன் தமிழ்ப் பெயர் என்ன என்றும் கேட்டுக்கொள்வேன். அது ஆசிரியர் தொழிலால் வந்த பழக்கம்.

என் பரிந்துரைகள்

செம்பருத்தி: 1960-ஆம் ஆண்டு நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா. நல்ல வெயில் வேண்டும். ஐந்து இதழ்கொண்ட சாதாரணச் சிவப்பு வகையே மிக உறுதியானது. கடைகளில் காணும் பெரிய பலவண்ணக் கலப்பினங்கள் அவ்வளவு தாங்குவதில்லை. மாவுப்பூச்சி வந்தால் சவர்க்கார நீரால் கழுவினால் போதும். தேன்சிட்டு தேடி வரும். பூவின் பாகங்களைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பூ இல்லை; சூலகமும் மகரந்தமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

வெட்சி: இட்லிப்பூ என்று நாம் அழைப்பது இதனையே. ஆநிரை கவரச் சென்ற சங்கத் தமிழ் வீரர்கள் சூடிய பூ இது என்று சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரியும். வேலியாகவும் வளர்க்கலாம். ஆனால், சிமெண்டுச் சுவரை ஒட்டி நடாதீர்கள். நான் அப்படி நட்டு ஏமாந்தேன். இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. உரம் போட்டும் மாறவில்லை. வெட்சிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு அதைக் கெடுப்பதால் வேர் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் போகிறது. இரண்டடி தள்ளி நட்டபின் தேறிவிட்டது.

கல்வாழை: மண் தாழ்ந்து ஈரம் நிற்கும் இடத்தில் பிற செடிகள் அழுகும், இது செழிக்கும். மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு ஆண்டுதோறும் பெருகும். பிரித்து நால்வருக்குக் கொடுக்கலாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் புதுத் தண்டு எழும்பும்.

கனகாம்பரம்: நம் பாட்டிமார்களின் கொண்டைப் பூ. ஓரளவு நிழலிலும் பூக்கும். முதிர்ந்து காய்ந்த கதிரில் நீர் பட்டால் காய்கள் படீரென வெடித்து விதைகள் சிதறும். செடி விதையை எப்படிப் பரப்புகிறது என்ற பாடத்துக்கு இதைவிட மகிழ்ச்சியான சோதனை கிடையாது.

எட்டு மணிப் பூ: காலை எட்டு மணியளவில் விரிந்து நண்பகலில் வாடும் இப்பூவை மலாய் நண்பர்கள் அந்தப் பொருள் தரும் பெயராலேயே அழைக்கிறார்கள். டர்னெரா என்பது தாவரவியல் பெயர். செம்பனைத் தோட்டத்துச் சாலையோரங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் அங்கே நடப்பட்டதன்று. செம்பனை ஓலையைத் தின்று அழிக்கும், பை போன்ற கூட்டுக்குள் வாழும் புழுக்கள் உண்டு. அப்புழுக்களுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் குளவிகளும் உண்டு. அக்குளவிகளுக்குத் தேன் கொடுத்துத் தங்கவைப்பதற்காகவே இச்செடியை நடுகிறார்கள். மருந்து தெளிக்காமல் பூவைக்கொண்டு பூச்சியை அடக்கும் வழி இது. பெரும் தோட்டங்களே கடைப்பிடிக்கும் வழியை நாமும் நம் பாத்தியில் பின்பற்றலாம்.

மல்லிகையும் பவழமல்லியும்: மல்லிகை வெயிலில் பூக்கும், ஒவ்வொரு பூப்புக்குப் பின்னும் நுனியை வெட்டிவிட்டால் மீண்டும் அரும்பெடுக்கும். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். வேரில் நீர் தேங்கினால் இறந்துவிடும். ஆகவே, மேடான இடத்தில் நடவேண்டும்.

கறிவேப்பிலை: இது பூப்பாத்திக்குரியதா என்று கேட்கலாம். நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலக் காணப்படும் புழு, வளர்ந்ததும் பச்சை நிறமாகிக் கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். வாழ்க்கைச் சுழற்சியை அறிவியல் நூலில் படமாகப் பார்ப்பதற்கும் வகுப்பறைக்கு வெளியே நாள்தோறும் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புழு கொஞ்சம் இலையைத் தின்னட்டும். ரசத்துக்கு மீதம் இருக்கும்.

காகிதப்பூ: வறட்சியில்தான் அதிகம் பூக்கும், நீர் மிகுந்தால் இலையாக வளரும். மறதிக்காரர்களுக்கு ஏற்ற செடி. முள் இருப்பதால் பிள்ளைகள் ஓடும் இடத்தைத் தவிர்த்து வேலியோரம் வைக்கவேண்டும்.

பள்ளியில் வேண்டாதவை

அரளி மிக உறுதியான செடி. என் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் பெறும். மூன்றாம் கேள்வியில் தோற்றுவிடும். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியும் அவ்வாறே. அதன் விதை மிகக் கொடியது. கோவில் வளாகத்துக்குப் பொருந்தும் செடி தொடக்கப்பள்ளிக்குப் பொருந்தாது. நந்தியாவட்டை வீட்டுப் பூசைக்கு இனியது, நிழலிலும் வளர்வது. ஆயினும், அதன் பாலும் காயும் வாயில் படலாகாது என்பதால் சிறுபிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம். உன்னிச்செடியின் காய் பிள்ளைகளை ஈர்க்கும். அதுவும் நஞ்சுடையது, மேலும் களையாகப் பரவும்.

இன்னொன்றும் உண்டு. வரிசை வரிசையாகப் பூச்சட்டிகளை அடுக்கி, அடியில் தட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது. தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலால் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் போவதற்கு நம் பூச்சட்டி காரணமாகலாமா? இயன்றவரை தரையில் நடுங்கள். சட்டி வைத்தே ஆகவேண்டும் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள்.

நடும் முறை

பென்சில் பருமனில், மிக இளசாகவும் மிக முற்றியதாகவும் இல்லாத தண்டை ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும். கீழ் இலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையுமாறு ஊன்றி, நிழலில் வையுங்கள். செம்பருத்தி மூன்று, நான்கு வாரங்களில் வேர்விடும். வெட்சிக்குப் பொறுமை வேண்டும்.

கடலோரக் களிமண்ணில் குழி தோண்டி நட்டால் குழியே குளமாகிவிடும். ஆகவே, பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களின் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கருக்கிய உமி எளிதில் கிடைக்கும். மக்கிய இலைகளோடு அதைக் கலந்தால் களிமண் இளகும். செம்பருத்திக்கு மூன்றடி, நான்கடி இடைவெளி விடுங்கள். நடும் நாளில் பாத்தி வெறுமையாகத் தோன்றும், தோன்றட்டும். முதல் இரண்டு மாதம் தவறாமல் நீர் ஊற்றுங்கள். அதன்பின் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

சில மறுப்புகள்

"டீச்சர், இதெல்லாம் பூக்க மாதக் கணக்காகும். நடுவர்கள் அடுத்த வாரம் வருகிறார்களே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். தலைமையாசிரியர்களுக்கு உள்ள நெருக்கடியை நான் அறியாதவளல்லள். அதனால்தான் சொல்கிறேன்: இந்த ஆண்டு நடுங்கள், அடுத்த ஆண்டு முதல் லாரிக்கு வேலையிராது. நடுவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வருகைநாளன்று எத்தனை பூ பூத்திருக்கிறது என்று எண்ணாமல், அங்குள்ள செடிகளில் ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்தவை எத்தனை, அவற்றின் பெயரைச் சொல்லக்கூடிய மாணவர் எத்தனை பேர் என்று கேட்டால் பள்ளிகளின் போக்கே மாறிவிடும்.

"வீட்டில் மண்ணே இல்லை, எல்லாம் சிமெண்டு" என்பது பெற்றோர் தரப்பு மறுப்பு. வேலியோரத்தில் ஒன்றரை அடி அகலம் மண் இருந்தால் வெட்சி வரிசை ஒன்று வளரும். அதுவும் இல்லையென்றால் அடியில் ஓட்டையிட்ட பெரிய வாளி ஒன்றில் துளசியோ கறிவேப்பிலையோ வளர்க்கலாம். லயத்தில் தகர டின்னில் வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே நாம்.

"இவற்றில் பல இந்த மண்ணுக்குரியவை அல்லவே?" என்றும் கேட்கலாம். உண்மைதான். காகிதப்பூவும் எட்டு மணிப் பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வந்த செடியெல்லாம் தீது என்பது என் கருத்தன்று. வந்த இடத்தில் பிறரை நெருக்காமல், பிற உயிர்களுக்கும் பயன்பட்டு வாழ்கிறதா என்பதே கேள்வி. கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் இதற்கு மேல் கேட்கலாகாது.

ஒரு வேண்டுகோள்

அடுத்த பள்ளித் தவணையின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ ஒரே ஒரு தண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். கூடவே மூன்று வினாக்கள்: இச்செடியின் பெயர் என்ன? யார் கொடுத்தார்? அவருக்கு இது எங்கிருந்து வந்தது?

இதனை என் வகுப்பில் செய்து பார்த்தேன். முப்பது பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவன் வெள்ளைச் செம்பருத்தித் தண்டு ஒன்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் பாட்டியின் தோட்டத்தில் லயத்தை இடித்த வாரம் அவர் வெட்டி எடுத்துவந்த செடியிலிருந்து வந்ததாம். அந்த லயம் இன்றில்லை. அவ்விடத்தில் செம்பனைதான் நிற்கிறது. பாட்டியைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் திணறும் அந்தப் பிள்ளை, அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகள் ஏராளம். நான் அன்று சிவப்பு மையை எடுக்கவில்லை.

அந்தத் தண்டு வேர்விட்டு இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. சென்ற நீண்ட விடுமுறையில் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பள்ளி திறந்த அன்று காலையில் நான்கு பூக்கள் பூத்திருந்தன.

நடவேண்டியதை நடுவோம், நட்டதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை